வெயிலையும் நிழலையும் ஒரே படத்தில் பதித்தல்
அகல்கோணப் புகைப்படங்களில் உயர் ஒளிவீச்சு முறை

புராதனக் கட்டடங்கள், சுரங்கங்கள், அடர்ந்த காடுகள், தானியக் கிடங்குகள் முதலியவற்றைப் படமெடுத்து ஆவணப்படுத்தும் பணி, அரசாங்கத்தின் பல துறைகளைச் சேர்ந்த களப்பணியாளருக்கு அடிக்கடி நேரிடுவதாகும். இவ்விடங்களில் இரண்டு இடர்கள் ஒருங்கே எதிர்ப்படுகின்றன. காட்சி முழுவதும் படத்தில் அடங்குமளவுக்குப் பின்னால் நகர்ந்து நிற்க இடமிருப்பதில்லை என்பது ஒன்று. காட்சியின் ஒரு பகுதி கடும் வெயிலிலும் மற்றொரு பகுதி ஆழ்ந்த நிழலிலும் கிடப்பது மற்றொன்று. முதல் இடருக்கு அகல்கோண லென்ஸும், இரண்டாவதற்கு உயர் ஒளிவீச்சு முறையும் பரிகாரங்களாகும். கைப்பேசிகளில் எச்.டி.ஆர். என்ற எழுத்துகளால் குறிக்கப்படுவது இம்முறையேயாகும்.

இவ்விரு பரிகாரங்களும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பது முதலில் உணரத்தக்கது. குறுகிய கோணமுடைய லென்ஸ், சிலையை மட்டுமோ வாயிலை மட்டுமோ காட்டும். அகல்கோண லென்ஸோ சிலை, தூண், வாயில், வாயிலுக்கு அப்பாலுள்ள வெயில் ஆகிய யாவற்றையும் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. பார்வை விரிய விரிய, ஒளியின் ஏற்றத்தாழ்வும் பெருகுகிறது. ஆகவே அகல்கோண லென்ஸைக் கையாள்பவர் ஒளிவீச்சைப் பற்றியும் அறிந்திருத்தல் அவசியம்.

எல்லோரா: ஓர் எடுத்துக்காட்டு

மகாராஷ்டிர மாநிலத்தில், சத்திரபதி சம்பாஜி நகர் என இப்போது வழங்கும் ஔரங்காபாத் நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் எல்லோராக் குகைகள் அமைந்துள்ளன. தக்காணத்தின் பசால்ட் என்னும் கரும்பாறையில், மேற்கு நோக்கிய மலைச்சரிவில், 2 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்துக்கு இவை குடையப்பட்டுள்ளன. பௌத்தம், வைதிகம், சமணம் ஆகிய மூன்று சமயங்களையும் சார்ந்த 34 குகைகள் இங்கு எண்ணிட்டுக் குறிக்கப்பட்டிருக்கின்றன. 1983-ஆம் ஆண்டில் இவ்விடம் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

விசுவகர்மா குகை எனப்படும் 10-ஆவது குகை, தூண் வரிசைகளுடன் கூடிய ஒரு சைத்திய மண்டபம். மரக்கட்டடத்தின் வளைவு உத்திரங்களைப் போலவே அதன் கூரையில் கல் விலாக்கள் செதுக்கப்பட்டுள்ளன. மண்டபத்தின் கோடியில் தூபியும், அதன் முன்னர் அமர்ந்த நிலையில் புத்தரின் உருவமும் உள்ளன. உள்ளிருந்து வாயிலை நோக்கினால் முற்றத்தின் வெயில் கண்ணைக் கூசச் செய்கிறது. பக்க நடைகளிலோ இருள் சூழ்ந்திருக்கிறது.

16-ஆவது குகையான கைலாசநாதர் கோயிலில் நிலைமை வேறு. எட்டாம் நூற்றாண்டில் இராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலத்துப் பணியென்று கருதப்படும் இக்கோயில், ஏறத்தாழ 84 மீட்டர் நீளமும் 47 மீட்டர் அகலமும் உள்ள ஒரு பெரும்பள்ளத்தினுள், ஒரே பாறையிலிருந்து வெட்டியெடுக்கப்பட்டதாகும். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்லும்போது, தென்புறத்துப் பாறைச்சுவரின் நிழல் முற்றத்தின் மீது விழுகிறது. வடபுறச் சுவரோ வெயிலில் ஒளிர்கிறது. ஒரே படத்தில் இவ்விரண்டையும் தெளிவுறக் காட்டுவது சாதாரண முறையில் எளிதன்று.

அகல்கோண லென்ஸின் இயல்பு

லென்ஸின் குவியத் தொலைவு குறையக் குறைய, அது காணும் கோணம் விரிகிறது. 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் உள்ள முழு அளவுச் சென்ஸரைக் கொண்ட காமிராவில், 50 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை ஏறத்தாழ 47 பாகையையும், 35 மி.மீ. லென்ஸ் 63 பாகையையும், 24 மி.மீ. லென்ஸ் 84 பாகையையும், 16 மி.மீ. லென்ஸ் 107 பாகையையும் காண்கின்றன. குகை மண்டபங்களுக்கு 20 முதல் 24 மி.மீ. வரையுள்ள லென்ஸ்கள் பெரும்பாலும் போதுமானவை.

இவ்வசதிக்கு மூன்று விலைகள் கொடுக்கவேண்டியுள்ளது. முதலாவதாக, படத்தின் ஓரங்களில் உருவங்கள் இழுபடுகின்றன. நடுவில் வட்டமாகத் தோன்றும் பந்து, மூலையில் முட்டை வடிவாகத் தோன்றும். இது லென்ஸின் பழுதால் நேர்வதன்று. விரிந்த காட்சியைத் தட்டையான பரப்பில் நேர்கோடுகள் நேர்கோடுகளாகவே இருக்குமாறு பதிக்கும்போது தவிர்க்க இயலாத விளைவு. ஆகவே அளவெடுக்கப்பட வேண்டிய சிலையை ஓரத்தில் அமைத்தல் தகாது.

இரண்டாவதாக, மூலைகளில் ஒளி குறைகிறது. எளிய லென்ஸில் இக்குறைவு, கோணத்தின் கோசைனை நான்குமுறை பெருக்கிய அளவைப் பின்பற்றுகிறது. 42 பாகை விலகியுள்ள மூலைக்கு நடுப்பகுதியில் விழும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கிடைக்கும். நவீன லென்ஸ்கள் இக்குறையைப் பெரிதும் தணிக்கின்றன; எனினும் முற்றிலும் நீக்குவதில்லை.

மூன்றாவதாக, காமிராவை மேல்நோக்கிச் சாய்த்தால் செங்குத்துக் கோடுகள் யாவும் உச்சியில் கூடுவனபோல் தோன்றும். நிமிர்ந்து நிற்கும் தூண் பின்புறம் விழப்போவதுபோல் படத்தில் காணப்படும். சுவர் சாய்ந்துள்ளதா என்று பின்னாளில் படத்தைக் கொண்டு ஆராய்வோரை இது தவறான முடிவுக்கு இட்டுச் செல்லக்கூடும். ஆதலின் மட்டக்கருவியின் துணைகொண்டு காமிராவைக் கிடைமட்டமாக நிறுத்துதல் வேண்டும். கூரையும் தெரிய வேண்டுமாயின், காமிராவை நெட்டுவாக்கில் திருப்பியோ, இன்னும் அகன்ற லென்ஸைப் பொருத்திக் கீழ்ப்பகுதியைப் பின்னர் வெட்டியோ அதனைச் சாதிக்கலாம்.

காட்சியை அமைத்தல்

தொலைவும் அண்மையும் படத்தில் எத்தகைய விகிதத்தில் தோன்றும் என்பதைக் காமிரா நிற்கும் இடமே தீர்மானிக்கிறது. 1 மீட்டர் தொலைவிலுள்ள ஓர் அளவுகோல், 10 மீட்டர் தொலைவிலுள்ள அதே நீளமுள்ள கோலைப் போல் பத்து மடங்கு பெரிதாகத் தோன்றும். அகல்கோண லென்ஸ் மிக அருகிலுள்ள பொருளையும் காட்சியில் சேர்த்துக்கொள்வதால் இவ்வேற்றுமை மிகுதியாகப் புலப்படுகிறது. முன்புறத்தில் கருத்துக்குரிய பொருள் எதுவும் இல்லையாயின், படத்தின் கீழ்ப்பாதி வெறுந்தரையாகவே முடியும். படம் எதற்காக எடுக்கப்பட்டதோ அப்பொருள் நடுவில் சிறு புள்ளியாகச் சுருங்கிவிடும்.

ஆகவே இடத்தைத் தேர்ந்தெடுக்குமுன், படம் எந்தச் செய்தியைக் கூறவேண்டும் என்று முடிவு செய்தல் நலம். சைத்திய மண்டபத்தின் அமைப்பைக் காட்டுவதே நோக்கமானால், நடு அச்சில் காமிராவை நிறுத்தவேண்டும். அப்போது இருபுறத் தூண் வரிசைகளும் கூரையின் விலாக்களும் பார்வையைத் தூபியிடம் அழைத்துச் செல்கின்றன. ஒரு தூணின் சிற்ப வேலைப்பாட்டைக் காட்டுவது நோக்கமானால், அத்தூணை ஒன்றரை மீட்டர் அளவில் அணுகி நடுவில் நிறுத்தி, மண்டபம் பின்புலமாக விரியுமாறு அமைக்கலாம். இருவகையிலும் சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டமிட்ட அளவுகோல் ஒன்று காட்சிக்குள் இருத்தல் வேண்டும்.

அண்மையும் சேய்மையும் ஒருங்கே தெளிவாக அமைவது அகல்கோண லென்ஸில் எளிது. 24 மி.மீ. லென்ஸை எப் 8 என்ற துவார அளவில் வைத்து 2.4 மீட்டர் தொலைவுக்குக் குவியப்படுத்தினால், ஏறத்தாழ 1.2 மீட்டரிலிருந்து தொடுவானம் வரை யாவும் ஏற்கத்தக்க தெளிவுடன் பதியும்.

ஒளியின் வீச்சு

திறந்த வெளியில் நண்பகல் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் ஒளியைத் தருகிறது. குகையின் உட்புறத்தில் 10 லக்ஸ் ஒளியே இருப்பதாகக் கொண்டால், இரண்டுக்கும் உள்ள விகிதம் 10,000-க்கு 1. புகைப்படக் கலையில் ஒளியின் ஒவ்வோர் இரட்டிப்பும் ஒரு ஸ்டாப் என வழங்கப்படுகிறது. 10,000 மடங்கு என்பது 13 ஸ்டாப்புக்குச் சற்று மேற்பட்டதாகும். கரும்பாறை ஒளியைக் குறைவாகவே திருப்பியனுப்புவதால், காமிராவை எட்டும் வேற்றுமை இதனினும் மிகலாம்.

மனிதக் கண் இதனைச் சமாளிப்பது எவ்வாறு? பார்வை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்லுந்தோறும் கண்பாவை சுருங்கியும் விரிந்தும் கொடுக்கிறது. விழித்திரையும் தன் உணர்திறனை மாற்றிக்கொள்கிறது. காமிராவோ ஒரு படத்துக்கு ஒரே ஒளியளவைத்தான் கையாள முடியும். வெயிலுக்கு ஏற்றவாறு எடுத்தால் குகை கரியாகிறது. குகைக்கு ஏற்றவாறு எடுத்தால் வாயில் வெளுத்துவிடுகிறது.

சிறந்த காமிராக்களின் சென்ஸர்கள் 12 முதல் 14 ஸ்டாப் வரை உணரக்கூடியவையாயினும், அந்த எல்லையின் அடிப்பகுதியில் கிடைக்கும் செய்தி நம்பத்தக்கதன்று. ஒளியானது துகள்களாக வருவதே இதற்குக் காரணம். ஒரு படப்புள்ளியில் 10,000 ஒளித்துகள்கள் பதியுமாயின், இயல்பான ஏற்ற இறக்கம் 100 அளவினது. அதாவது நூற்றுக்கு 1. பதிவது 100 துகள்களேயானால் ஏற்ற இறக்கம் 10. அதாவது நூற்றுக்கு 10. இருண்ட பகுதியைப் பின்னர் எவ்வளவு வெளுப்பாக்கினாலும் மணல் தூவியதுபோன்ற புள்ளிகளே மிஞ்சுகின்றன. நிழலுக்கு நீண்ட நேரம் ஒளியைப் பெறுவதொன்றே வழி.

முறை வளர்ந்த வரலாறு

ஒன்றுக்கு மேற்பட்ட பதிவுகளை இணைக்கும் எண்ணம் பழமையானது. பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த குஸ்தாவ் ல கிரே, 1850-களில் கடற்காட்சிகளை எடுத்தபோது, வானத்துக்கு ஒன்றும் கடலுக்கு ஒன்றுமாக இரு நெகட்டிவ்களை இணைத்து அச்சிட்டார். ஒளியளவுக்கும் தட்டில் உண்டாகும் கருமைக்கும் உள்ள தொடர்பை இங்கிலாந்தில் ஹர்ட்டரும் டிரிஃபீல்டும் அளந்து 1890-ல் வெளியிட்டனர். எண்முறைக் காமிராக்கள் தோன்றியபின், 1995-ல் மான், பிகார்ட் ஆகியோரும், 1997-ல் டெபெவெக், மாலிக் ஆகியோரும் வெவ்வேறு ஒளியளவில் எடுத்த படங்களிலிருந்து காட்சியின் உண்மையான ஒளிர்வைக் கணக்கிடும் வழிகளை வகுத்தனர். 2010 முதல் இவ்வசதி கைப்பேசிகளிலும் பரவலாயிற்று.

களத்தில் செய்யவேண்டுவன

காமிராவை முக்காலியில் உறுதியாகப் பொருத்துதல் முதற்கடமை. இந்தியத் தொல்லியல் ஆய்வுத்துறையின் பாதுகாப்பிலுள்ள இடங்களில் முக்காலியைப் பயன்படுத்த முன் அனுமதி பெறவேண்டும். பின்னர் லென்ஸ் துவாரம், குவியம், உணர்திறன், வண்ணச் சமநிலை ஆகிய நான்கையும் மாறாமல் நிலைப்படுத்திவிட்டு, ஷட்டர் நேரத்தை மட்டுமே மாற்றவேண்டும். துவாரத்தை மாற்றினால் தெளிவின் ஆழமும் மூலைகளின் ஒளியும் மாறிப் படங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமற் போகும்.

முதலில் வெயிற்பகுதிக்கு உகந்த நேரத்தைக் காணவேண்டும். ஹிஸ்டோகிராம் எனப்படும் வரைபடத்தில் வலது எல்லையைத் தொடாத அளவே உகந்தது. உணர்திறன் 100, துவாரம் எப் 8 எனின், அது 1/500 விநாடியை ஒட்டி அமையும். அங்கிருந்து ஒவ்வொரு படத்துக்கும் நேரத்தை நான்கு மடங்காக்கிச் செல்லலாம்: 1/500, 1/125, 1/30, 1/8, 1/2, 2, 8 விநாடிகள். ஏழு படங்களில் 12 ஸ்டாப் வீச்சு இவ்வாறு கடக்கப்படுகிறது. நிழலின் விவரங்கள் ஹிஸ்டோகிராமின் நடுப்பகுதியை எட்டியவுடன் நிறுத்திவிடலாம். திறந்த முற்றம் போன்ற இடங்களில் மூன்று படங்களே போதுமானவை.

படங்களை ரா என்னும் மூலவடிவில் சேமித்தல் நலம். அது 12 அல்லது 14 பிட் அளவினதாதலின் 4,096 அல்லது 16,384 நிலைகளைப் பிரித்தறியும். சாதாரண ஜேபெக் படம் ஒவ்வொரு வண்ணத்திலும் 256 நிலைகளையே கொண்டது. தொடர் முடியும்வரை பார்வையாளர்கள் காட்சிக்குள் நடமாடாதிருத்தல் வேண்டும். இல்லாவிடில் இணைத்த படத்தில் ஆவிபோன்ற உருவங்கள் தோன்றும்.

எத்தனை படங்கள் எடுத்தாலும் நீங்காத குறையொன்று உண்டு. லென்ஸினுள் சிதறும் ஒளி, இருண்ட பகுதியின் மீது மெல்லிய வெண்திரையைப் பரப்புகிறது. சூரியன் நேரே காட்சிக்குள் வராதவாறு ஒரு தூணின் பின்னே மறைத்தலும், லென்ஸைத் தூசியின்றி வைத்தலுமே இதற்குப் பாதுகாப்பு.

படங்களை இணைத்தல்

இணைப்பின் தத்துவம் எளியது. ஒரு தூணின் குறிப்பிட்டதொரு புள்ளி, 12 பிட் அளவுகோலில், 1/2 விநாடிப் படத்தில் 200 என்றும், 2 விநாடிப் படத்தில் 800 என்றும், 8 விநாடிப் படத்தில் 3,200 என்றும் பதிந்திருப்பதாகக் கொள்வோம். ஒவ்வோர் எண்ணையும் அதற்குரிய நேரத்தால் வகுத்தால் மூன்றிலும் 400 என்ற ஒரே விடை கிடைக்கிறது. இதுவே அப்புள்ளியின் சார்பு ஒளிர்வு. 4,095 என்ற உச்சியைத் தொட்ட எண்களையும், மிகச் சிறிய எண்களையும் கணிப்பொறி ஒதுக்கிவிட்டு, நம்பத்தக்கவற்றின் சராசரியை எடுத்துக்கொள்கிறது.

இவ்வாறு பெற்ற முழு வீச்சையும் அச்சுத்தாளில் காட்ட இயலாது. நல்ல தாளில் மிக வெளுத்த இடத்துக்கும் மிகக் கறுத்த இடத்துக்கும் உள்ள விகிதம் 100-க்கு 1 என்ற அளவினதே. ஆகவே 10,000 மடங்கை 100 மடங்காகச் சுருக்கவேண்டியுள்ளது. படம் முழுவதற்கும் ஒரே விதியின்படி சுருக்குவது ஒரு வகை. பெரும்பரப்புகளின் வேற்றுமையைக் குறைத்து, நுண்ணிய விவரங்களின் வேற்றுமையைக் காப்பது மற்றொரு வகை. இரண்டாவது வகை தெளிவு மிக்கதாயினும், அளவு மீறினால் இருண்ட தூணின் விளிம்பைச் சுற்றி ஒளிவட்டம் போன்ற பொய்யான வெண்கரை தோன்றும்.

ஆவணத்தின் நேர்மை

இக்குறை அழகைச் சார்ந்தது மட்டுமாயின் பொறுத்துக்கொள்ளலாம். பழைய பாறைச்சுவர்களில் நீர்க்கசிவால் உப்புப் பூத்து வெண்மை படர்வது உண்டு. இணைப்பின் பிழையால் தோன்றிய வெண்கரையைக் காண்பவர் அதனை உப்புப் பூத்த அடையாளமாகக் கருதிவிடலாம். அதற்கு மாறாக, நுண்விவரங்களை மிகைப்படுத்திய படத்தில் பாறையின் இயற்கையான கோடு, விரிசல் போலத் தோன்றலாம். பத்தாண்டுக்குப் பின் அதே இடத்தை மற்றோர் அலுவலர் படமெடுத்து, விரிசல் வளர்ந்துள்ளதா என ஒப்பிடும்போது, முதற்படத்தின் மிகை அவரை ஏமாற்றும்.

ஆதலின் இணைத்த படத்துடன் மூலப்படங்கள் அனைத்தையும் பாதுகாத்தல் வேண்டும். நாள், நேரம், லென்ஸின் குவியத் தொலைவு, காமிரா நின்ற இடம், அதன் உயரம், நோக்கிய திசை, ஒவ்வொரு படத்தின் ஷட்டர் நேரம், இணைத்த முறை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தல் வேண்டும். வெயிலின் நிறமும் நிழலின் நிறமும் வேறாதலின், தொடரின் தொடக்கத்தில் சாம்பல் நிற அட்டை ஒன்றை வைத்துப் படமெடுத்துக்கொள்வது பின்னர்ப் பயன்படும்.

ஒரே பிரதியை நம்பியிருத்தலின் ஆபத்தை அஜந்தாவின் வரலாறு காட்டுகிறது. மேஜர் ராபர்ட் கில் 1844-ல் நியமிக்கப்பட்டுப் பல்லாண்டுகள் உழைத்து அக்குகை ஓவியங்களைப் படியெடுத்தார். இங்கிலாந்தில் சிடன்ஹாமில் இருந்த கிரிஸ்டல் மாளிகையில் வைக்கப்பட்டிருந்த அப்படிகளுள் பெரும்பாலானவை 1866-ஆம் ஆண்டுத் தீயில் அழிந்தன. ஆனால் அவர் எடுத்த புகைப்படங்கள், பெர்குசன் இந்தியக் குடைவரைகளைப் பற்றி 1864-ல் வெளியிட்ட நூலில் ஏற்கெனவே இடம்பெற்றிருந்தன. பல பிரதிகளாகப் பரவிய காரணத்தால் அவை எஞ்சின. இன்று எடுக்கப்படும் படத்தொடர்களையும் குறைந்தது இரண்டு வெவ்வேறு இடங்களில் சேமித்துவைத்தல் விவேகமாகும்.

வகுப்பறையில் ஒரு சோதனை

இத்தத்துவங்களை ஆசிரியர்கள் ஒரு கைப்பேசியைக் கொண்டே விளக்கலாம். நண்பகலில் விளக்கை அணைத்து, ஒரு சன்னலை மட்டும் திறந்துவைத்து, கைப்பேசியை மேசைமீது புத்தகங்களுக்கிடையே அசையாமல் நிறுத்தவேண்டும். எச்.டி.ஆர். வசதியை நிறுத்திவிட்டு, ஒளியளவைக் குறைத்தும் நடுத்தரமாகவும் கூட்டியும் மூன்று படங்கள் எடுக்கவேண்டும். சன்னலுக்கு வெளியே உள்ள மரம், கரும்பலகையின் எழுத்து, அலமாரியின் அடித்தட்டு ஆகியவை எந்தெந்தப் படத்தில் தெரிகின்றன என மாணவர்கள் அட்டவணையிடலாம். மூன்றும் தெளிவாக உள்ள படம் பெரும்பாலும் ஒன்றும் இராது. பின்னர் அவ்வசதியை இயக்கி நான்காவது படம் எடுத்து ஒப்பிடலாம். இப்படத்தின்போது ஒரு மாணவர் கையை அசைத்தால், இணைப்பில் நேரும் பிழையையும் சில கைப்பேசிகளில் காணமுடியும்.

அகல்கோணத்தின் இயல்பை அறிய, ஒரு பந்தை முதலில் காட்சியின் நடுவிலும், பின்னர் மூலையிலும் வைத்து எடுத்து, அதன் நீளத்தையும் அகலத்தையும் திரையில் அளக்கச் செய்யலாம். கேத்திர கணிதமும் பௌதிகமும் ஒரே பயிற்சியில் கைகூடும்.

கருவிகள் ஆண்டுதோறும் திருந்திவருகின்றன. முன்பு கணிப்பொறியில் நெடுநேரம் நடந்த வேலையைக் கைப்பேசி இன்று ஒரு நொடியில் முடித்துவிடுகிறது. எனினும் எங்கே நிற்பது, எதனை நடுவில் வைப்பது, எந்த நிழலின் விவரம் பின்வருவோருக்குத் தேவைப்படும் என்பவற்றைக் கருவி அறியாது. அவற்றை முன்கூட்டிச் சிந்தித்து, அளந்து, குறித்துவைக்கும் பணியாளரின் படமே நூறாண்டுக்குப் பின்னும் சான்றாக நிற்கும்.